காந்தமின்றிச் சுழன்ற மோட்டார்: நிக்கோலா டெஸ்லாவின் வாழ்வும் அருமண் உலோகங்களின் அரசியலும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி, ஏழு அருமண் உலோகங்களையும் அவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் காந்தங்களையும் ஏற்றுமதி செய்வதற்கு அரசின் உரிமம் பெறவேண்டும் என்று சீனா அறிவித்தது. அடுத்த சில வாரங்களுக்குள் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் சில கார் உற்பத்திப் பிரிவுகள் காந்தம் கிடைக்காமல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன.

உள்ளங்கையில் அடங்கக்கூடிய உலோகத் துண்டுகளுக்காகப் பெரும் தொழிற்சாலைகள் காத்துக்கிடந்தன. மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் காந்தம்தான். ஆனால் அந்த இரண்டு கிலோ இல்லாவிட்டால் இரண்டு டன் எடையுள்ள வாகனம் நகராது.

இந்தச் சார்புநிலையிலிருந்து விடுபடுவது எப்படி என்று பல நாடுகளின் பொறியியலாளர்களும் அரசுகளும் தேடிக்கொண்டிருக்கும் விடைகளில் ஒன்று புதியதல்ல. காந்தமே இல்லாமல், இரும்பையும் செம்பையும் மட்டும் கொண்டு சுழலும் மோட்டாருக்கு அமெரிக்காவில் 1888ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. அதைப் பெற்றவர் நிக்கோலா டெஸ்லா.

அவரது பெயர் இன்று ஒரு கார் நிறுவனத்தின் பெயராகவே பலருக்கும் தெரியும். அந்த மனிதரின் வாழ்க்கையும், அவர் விட்டுச்சென்ற இயந்திரம் பிற்காலத்தில் ஓரங்கட்டப்பட்டு மீண்டும் தேடப்படும் விதமும், தொழில்நுட்பத் தெரிவுகளுக்குப் பின்னால் இருக்கும் அரசியலைப் புரிந்துகொள்ள உதவக்கூடியவை.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப் பகுதியிலிருந்த ஸ்மில்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்தக் கிராமம் இன்று குரோஷியாவில் உள்ளது. குடும்பம் செர்பிய இனத்தைச் சேர்ந்தது. தந்தை மிலுத்தின், செர்பிய மரபுவழித் திருச்சபையின் பாதிரியார். தாய் ஜூகா எழுதப் படிக்கக் கற்றவரல்லர். ஆனாலும் வீட்டு வேலைக்கான சிறு கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்துகொள்ளும் திறமை அவரிடம் இருந்தது. தமது கண்டுபிடிப்பு நாட்டம் தாயிடமிருந்து வந்ததே என்று டெஸ்லா பிற்காலத்தில் கருதினார்.

மகனும் தம்மைப்போலப் பாதிரியாராகவேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். பள்ளிப்படிப்பை முடித்து ஊர் திரும்பிய டெஸ்லாவைக் காலரா தாக்கியது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்து, பிழைப்பது அரிது என்ற நிலை ஏற்பட்டபோது, குணமடைந்தால் பொறியியல் படிக்க அனுப்புவதாகத் தந்தை வாக்களித்தார். மகன் பிழைத்தார், தந்தையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கிராஸ் நகரில் தோன்றிய கேள்வி

1875ஆம் ஆண்டு டெஸ்லா ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு யாக்கோப் பொஷல் என்ற பேராசிரியர், பாரிஸிலிருந்து வந்த கிராம் வகை மின்பிறப்பாக்கி ஒன்றை மோட்டாராக இயக்கிக் காட்டினார்.

அக்காலத்து மோட்டார்கள் நேர்திசை மின்சாரத்தில் இயங்கின. சுழலும் பகுதிக்குள் மின்சாரத்தைச் செலுத்தவும், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் அதன் திசையை மாற்றவும், கம்யூட்டேட்டர் என்ற உலோக வளையமும் அதன்மீது உரசும் பிரஷ்களும் தேவைப்பட்டன. உரசும் இடத்தில் தீப்பொறி பறந்தது. தேய்மானம், வெப்பம், பழுது ஆகியவை எல்லாம் அங்கிருந்தே தொடங்கின.

இந்த உரசல் இல்லாமலேயே மோட்டாரைச் சுழலச் செய்யலாமே என்று மாணவர் டெஸ்லா கேட்டார். அது ஒருபோதும் நடக்காத காரியம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே நீண்ட விளக்கம் அளித்தார். விளக்கத்தை டெஸ்லா கேட்டுக்கொண்டாலும் கேள்வியைக் கைவிடவில்லை.

பட்டம் பெறாமலேயே அவர் கிராஸ் நகரை விட்டு வெளியேறினார். சூதாட்டத்தில் பணத்தை இழந்ததும், குடும்பத்தினருக்கு முகங்கொடுக்க முடியாமல் சில காலம் தலைமறைவாக இருந்ததும் இந்தக் காலத்திலேயே. 1879இல் தந்தை காலமானார். பிராக் நகரில் சிறிது காலம் கழித்துவிட்டு, 1881இல் தொலைபேசி நிலையம் ஒன்றில் வேலை செய்ய புடாபெஸ்ட் சென்றார்.

பூங்காவில் கிடைத்த விடை

1882ஆம் ஆண்டு புடாபெஸ்டின் பூங்கா ஒன்றில் நண்பர் சிகெட்டியுடன் மாலை நேரத்தில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியதாகவும், தரையில் குச்சியால் படம் வரைந்து அதை நண்பருக்கு விளக்கியதாகவும் டெஸ்லா பின்னாளில் பதிவு செய்துள்ளார்.

அவர் கண்ட விடையின் சாரம் இதுதான். மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிச் சுருள்களை வைத்து, அவற்றுக்கு ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை அடையும் மாறுதிசை மின்னோட்டங்களைக் கொடுத்தால், அங்கு உருவாகும் காந்தப்புலம் தானாகவே சுற்றத் தொடங்கும். எந்தப் பொருளும் நகராமல் புலம் மட்டும் சுற்றும்.

அந்தச் சுழல் காந்தப்புலத்தின் நடுவே இரும்பும் செம்பும் கொண்ட உருளை ஒன்றை வைத்தால், அதற்குள் மின்னோட்டம் தூண்டப்படும். தூண்டப்பட்ட மின்னோட்டம் உருளையையே ஒரு காந்தமாக்கும். உருளை சுற்றும் புலத்தைத் துரத்திக்கொண்டு சுழலும். அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தக் கம்பியோ பிரஷ்ஷோ வேண்டியதில்லை, நிலைக்காந்தமும் வேண்டியதில்லை. தூண்டல் மோட்டார் என்ற பெயர் இதனால்தான் வந்தது.

டெஸ்லா அருமண் உலோகங்களைத் தவிர்க்கவேண்டும் என்று எண்ணி இதை வடிவமைக்கவில்லை என்பதை இங்கு குறிப்பிடவேண்டும். அத்தகைய காந்தங்கள் அப்போது உலகிலேயே இல்லை. அவர் தவிர்க்க விரும்பியது தீப்பொறியைத்தான். ஆனால் அதன் விளைவாக, எங்கும் கிடைக்கும் இரண்டு உலோகங்களை மட்டுமே நம்பியிருக்கும் ஓர் இயந்திரம் பிறந்தது.

பள்ளம் தோண்டிய பொறியியலாளர்

1882இல் பாரிஸில் எடிசனின் ஐரோப்பிய நிறுவனத்தில் டெஸ்லா வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு பணி நிமித்தம் ஸ்ட்ராஸ்பர்க் சென்றபோது, ஓய்வு நேரத்தில் தமது முதல் தூண்டல் மோட்டாரைச் செய்து ஓட்டிப் பார்த்தார். அதற்கு முதலீடு செய்ய அங்கு எவரும் முன்வரவில்லை.

1884ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் நியூயார்க்கில் வந்திறங்கினார். அங்கும் எடிசனின் நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. ஆனால் எடிசனின் முதலீடும் வணிகமும் நேர்திசை மின்சாரத்திலேயே தங்கியிருந்தன. சுமார் ஆறு மாதங்களில் டெஸ்லா அங்கிருந்து விலகினார்.

பின்னர் சில முதலீட்டாளர்களுடன் சேர்ந்து தெருவிளக்கு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். விளக்குகள் எரியத் தொடங்கியதும் முதலீட்டாளர்கள் அவரை வெளியேற்றினர். காப்புரிமைகள் நிறுவனத்தின் பெயரில் இருந்தன. டெஸ்லாவின் கையில் எஞ்சியது மதிப்பிழந்த பங்குப் பத்திரம் மட்டுமே. 1886ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டும் வேலையையும் அவர் செய்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1885இல், வியன்னாவில் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர், அதுவரை ஒரே தனிமம் என்று கருதப்பட்ட ஒரு பொருளை இரண்டாகப் பிரித்திருந்தார். அவற்றில் ஒன்று நியோடிமியம். டெஸ்லாவின் மோட்டாரோடு அந்த உலோகம் போட்டியிடுவதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன.

வெஸ்டிங்ஹவுஸும் காப்புரிமையும்

1887ஆம் ஆண்டு ஆல்பிரட் பிரவுன், சார்ல்ஸ் பெக் என்ற இருவரின் ஆதரவுடன் நியூயார்க்கின் லிபர்ட்டி வீதியில் டெஸ்லாவுக்கு ஓர் ஆய்வகம் கிடைத்தது. 1888 மே 1ஆம் தேதி அவரது முக்கியக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அதே மாதம் 16ஆம் தேதி அமெரிக்க மின்பொறியியலாளர் கழகத்தில் அவர் தமது மோட்டாரைப் பற்றி உரையாற்றினார்.

மாறுதிசை மின்சாரத்தை விற்பனை செய்துவந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு அப்போது ஒரு பெரும் குறை இருந்தது. அவரது மின்சாரம் விளக்கை எரித்தது, ஆனால் அதில் இயங்கத் தகுந்த மோட்டார் இல்லை. ஜூலை மாதம் அவர் டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பெற்றுக்கொண்டார். ரொக்கமும் பங்குகளுமாக 60,000 டாலர், அத்துடன் மோட்டாரின் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் இரண்டரை டாலர் உரிமைத்தொகை என்பது உடன்பாடு.

ஆயினும் காகிதத்தில் இருந்த மோட்டாரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. வெஸ்டிங்ஹவுஸின் மின்சாரம் விநாடிக்கு 133 சுற்று வேகத்தில் திசை மாறியது. டெஸ்லாவின் மோட்டாருக்கு 60 சுற்றே பொருத்தமாக இருந்தது. நிறுவனத்தின் பொறியியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே மோட்டார் சந்தைக்கு வந்தது.

1890களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, உரிமைத்தொகை ஒப்பந்தத்தை டெஸ்லா விட்டுக்கொடுத்தார். நண்பருக்காக ஒப்பந்தத்தை அவர் கிழித்தெறிந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு வலுவான ஆதாரம் இல்லை. 1897இல் 216,000 டாலருக்குக் காப்புரிமைகள் மொத்தமாக நிறுவனத்தின் வசமாயின என்பது பதிவில் உள்ளது. குதிரைத்திறன் கணக்கில் பெற்றிருந்தால் அவர் எத்தகைய செல்வந்தராகியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நயாகரா

1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாறுதிசை மின்சாரத்தால் ஒளியூட்டியது. அதே ஆண்டு நயாகரா நீர்வீழ்ச்சியில் மின்பிறப்பாக்கிகளை அமைக்கும் ஒப்பந்தமும் அதற்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன் கொண்ட அந்த இயந்திரங்கள் 1895இல் இயங்கத் தொடங்கின. 1896 நவம்பரில் பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றடைந்தது.

அந்தப் பெரும் மின்பிறப்பாக்கிகளிலும் நிலைக்காந்தம் இருக்கவில்லை. கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் செலுத்தி உண்டாக்கப்படும் மின்காந்தமே அவற்றில் பயன்பட்டது. இன்றும் நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் அணுமின் நிலையங்களிலும் சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் அதே முறையிலேயே இயங்குகின்றன. உலகின் மின்சாரத்தில் பெரும்பகுதி அருமண் காந்தத்தின் உதவியில்லாமலேயே உற்பத்தியாகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

புகழுக்குப் பங்காளிகள்

தூண்டல் மோட்டார் டெஸ்லா ஒருவரின் படைப்பு மட்டுமே என்று கூறுவது சரியாகாது. இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் என்ற பேராசிரியர் சுழல் காந்தப்புலத்தைத் தனியாகவே கண்டறிந்து, டெஸ்லாவின் உரைக்கு இரு மாதங்களுக்கு முன்னர், 1888 மார்ச்சில் வெளியிட்டிருந்தார்.

ஜெர்மனியில் பணியாற்றிய மிகாயில் டொலிவோ தொப்ரவோல்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியியலாளர், மூன்று கட்ட மின்சாரத்தில் இயங்கும், அணில் கூண்டு வடிவச் சுழலி கொண்ட மோட்டாரை 1889இல் உருவாக்கினார். 1891இல் லாஃபன் என்ற ஊரிலிருந்து 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்பர்ட் நகருக்கு மூன்று கட்ட மின்சாரம் அனுப்பிக் காட்டப்பட்டது. இன்று தொழிற்சாலைகளிலும், கோவை விவசாயியின் கிணற்றடியிலும் ஓடும் மோட்டார்கள் இந்த வடிவத்தையே பெரிதும் பின்பற்றுகின்றன.

ஆக, நான்கு நாடுகளில் பலரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே விடையை நோக்கி வந்துகொண்டிருந்தனர். அந்த விடையைக் காப்புரிமையாக மாற்றி, பெரும் மூலதனத்துடன் இணைத்ததில் டெஸ்லா முந்திக்கொண்டார்.

விடுதி அறையில் முடிந்த வாழ்வு

1891இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற டெஸ்லா, அதன் பின்னர் கம்பியின்றி மின்சாரத்தை உலகெங்கும் அனுப்பும் கனவில் ஆழ்ந்தார். 1895இல் அவரது ஆய்வகம் தீக்கிரையானது. 1901இல் வங்கியாளர் ஜே. பி. மோர்கன் வழங்கிய 150,000 டாலரைக் கொண்டு லோங் ஐலண்டில் ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கினார். மோர்கன் மேலும் பணம் தர மறுத்ததால் அது முற்றுப்பெறவில்லை. 1917இல் விடுதிக் கடனுக்காக அந்தக் கோபுரம் இடிக்கப்பட்டது.

அதே ஆண்டு, முன்னாள் முதலாளியான எடிசனின் பெயரால் வழங்கப்படும் பதக்கத்தை அவர் பெற்றுக்கொண்டார். கடைசி ஆண்டுகளில் விடுதி விடுதியாக இடம் மாறினார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாதம் 125 டாலரும் விடுதி வாடகையும் கொடுத்துவந்தது. 1943 ஜனவரி 7ஆம் தேதி, நியூயார்க்கர் விடுதியின் 3327ஆம் எண் அறையில் தனிமையில் அவர் காலமானார். அவரது அஸ்தி இன்று பெல்கிரேடில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1960ஆம் ஆண்டு, காந்தப்புலத்தின் செறிவை அளக்கும் சர்வதேச அலகுக்கு டெஸ்லா என்று பெயரிடப்பட்டது. காந்தம் தேவைப்படாத மோட்டாரைச் செய்தவரின் பெயராலேயே இன்று ஒவ்வொரு காந்தத்தின் வலிமையும் அளக்கப்படுகிறது.

காந்தம் திரும்பி வந்தது

தூண்டல் மோட்டாருக்கு ஒரு குறை உண்டு. சுழலியைக் காந்தமாக்குவதற்கே ஒரு பகுதி மின்சாரம் செலவாகிறது, அது வெப்பமாகவும் வெளிப்படுகிறது. சுழலிக்குள் வலிமையான நிலைக்காந்தம் இருந்தால் இந்தச் செலவு மிச்சமாகும். மோட்டாரும் சிறிதாகவும் எடை குறைந்தும் இருக்கும். ஆனால் அதற்குத் தகுந்த காந்தம் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

1960களில் சமாரியமும் கோபால்ட்டும் கலந்த காந்தம் உருவானது. 1978இல் அன்றைய ஸையரின் ஷாபா மாகாணத்தில் மூண்ட மோதலால் கோபால்ட் விலை பலமடங்கு உயர்ந்தது. கோபால்ட் இல்லாத காந்தத்தைத் தேடிய முயற்சியில்தான், 1980களின் தொடக்கத்தில், ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஜான் குரோட்டும் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த காந்தத்தைத் தனித்தனியே கண்டறிந்தனர். எடையில் சுமார் 30 சதவீதம் அருமண் உலோகம், எஞ்சியதில் பெரும்பகுதி சாதாரண இரும்பு.

ஒரு நாட்டின் கனிமத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளே, அடுத்த தலைமுறையில் இன்னொரு நாட்டைச் சார்ந்திருக்கும் நிலையை உருவாக்கியது. இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. ஜெனரல் மோட்டர்ஸ் தனது காந்தப் பிரிவை 1995இல் விற்றது. வாங்கிய கூட்டமைப்பில் சீன நிறுவனங்களும் இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்தது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. தாதுவைப் பிரித்தெடுக்கும்போது வெளியாகும் அமிலக் கழிவையும் கதிரியக்கக் கழிவையும் ஏற்க மேற்கு நாடுகள் தயாராக இருக்கவில்லை. அந்தச் சுமையைச் சீனாவின் உள் மங்கோலியாவும் தென் மாகாணங்களும், பின்னர் மியன்மாரின் கச்சின் மாநிலமும் சுமந்தன.

2010இல் உலக அருமண் உற்பத்தியில் சுமார் 97 சதவீதம் சீனாவின் கையில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், கிழக்குச் சீனக் கடலில் நடந்த படகு மோதலை அடுத்து, ஜப்பானுக்கான ஏற்றுமதி தடைப்பட்டது. 2011இல் விலைகள் பன்மடங்கு உயர்ந்தன. உலக வர்த்தக அமைப்பு 2014இல் சீனாவின் ஏற்றுமதி வரம்புகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் சந்தையின் அமைப்பு அதனால் மாறிவிடவில்லை.

2025 அக்டோபரில் சீனா மேலும் கடுமையான கட்டுப்பாடுகளை அறிவித்தது. அம்மாத இறுதியில் தென் கொரியாவில் அமெரிக்க, சீன அதிபர்கள் சந்தித்த பின்னர் அவை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் மாத உரிம முறை அப்போது நீக்கப்படவில்லை.

மாற்று வழிகள்

டெஸ்லாவின் பெயரைச் சூடிக்கொண்ட கார் நிறுவனத்தின் பாதையே இங்கு கவனிக்கத்தக்கது. 2008இல் வெளிவந்த அதன் முதல் காரும், 2012இல் வந்த மாடல் எஸ் காரும் தூண்டல் மோட்டாரில் ஓடின. ஒரே மின்னேற்றத்தில் அதிக தூரம் ஓடவேண்டும் என்ற தேவை முன்னின்றபோது, 2017இல் வந்த மாடல் 3 காரில் நிறுவனம் நிலைக்காந்தத்துக்கு மாறியது. 2023 மார்ச்சில், அடுத்த தலைமுறை மோட்டாரில் அருமண் உலோகமே இருக்காது என்று அது அறிவித்தது.

பிஎம்டபிள்யூ, ரெனோ போன்ற நிறுவனங்கள் வேறொரு வழியில் சென்றன. அவை சுழலியில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச் சுருளை வைத்து, அதற்கு மின்சாரம் செலுத்துகின்றன. அந்த மின்சாரத்தைச் சுழலிக்குக் கொண்டுசெல்ல வழக்கமாக வளையமும் பிரஷ்ஷும் தேவை. கிராஸ் நகரில் டெஸ்லா ஒழிக்க நினைத்த உரசலின் ஒரு வடிவம் இவ்வாறு மீண்டும் வந்துள்ளது. உரசலின்றித் தூண்டல் மூலமே மின்சாரம் செலுத்தும் அமைப்பை ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் 2023இல் அறிமுகம் செய்தது.

காற்றாலைகளிலும் இதே இழுபறி நிலவுகிறது. தரையில் நிற்கும் காற்றாலைகளில் பல, பற்சக்கரப் பெட்டியுடன் கூடிய தூண்டல் மின்பிறப்பாக்கிகளைக் கொண்டவை. ஜெர்மனியின் எனர்கோன் நிறுவனம் 1990களிலேயே பற்சக்கரமும் நிலைக்காந்தமும் இல்லாத காற்றாலைகளை விற்றது. ஆனால் நடுக்கடலில் பற்சக்கரப் பெட்டியைப் பழுதுபார்ப்பது பெரும் செலவு. அதனால் அங்கு பற்சக்கரமில்லாத நிலைக்காந்த மின்பிறப்பாக்கிகளே விரும்பப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் சுமார் 600 கிலோகிராம் காந்தம் தேவைப்படுகிறது.

காந்தத்தை முற்றாக ஒழிக்காமல், அதிலுள்ள அரிதான பகுதியை மட்டும் குறைப்பது மற்றொரு வழி. அதிக வெப்பத்தில் காந்தம் வலுவிழக்காதிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஏற்றுமதிக் கட்டுப்பாடு மிகவும் உறுத்துவது இவற்றில்தான். ஜப்பானின் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் இவை இல்லாத காந்தத்தைக் கொண்ட மோட்டாரை 2016இல் அறிவித்தன. 2010இன் அதிர்ச்சிக்குப் பின்னர் ஜப்பான் எடுத்த இத்தகைய முயற்சிகளாலும், ஆஸ்திரேலியச் சுரங்க முதலீட்டாலும், சீனாவை அது சார்ந்திருந்த அளவு சுமார் 90 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதமாகக் குறைந்தது.

எந்த வழியும் இலவசமல்ல. தூண்டல் மோட்டாருக்குக் கூடுதல் செம்பு வேண்டும், அது எடையிலும் கூடியது. மலிவான ஃபெரைட் காந்தத்தின் வலிமை, நியோடிமியத்தின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு அளவே. சேமிக்கப்படும் அருமண் உலோகத்துக்கு ஈடாகப் பெரிய மின்கலம் பொருத்தவேண்டி வந்தால், லித்தியத்தையும் நிக்கலையும் கூடுதலாகத் தேடவேண்டியிருக்கும்.

மணவாளக்குறிச்சியின் மணல்

இந்தக் கதையில் தமிழர் வாழும் கரையொன்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1909ஆம் ஆண்டு, அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். வெல்ஸ்பாக் உருவாக்கிய வாயு விளக்கு வலைகளுக்குத் தேவையான தோரியத்துக்காக மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் தொழில் தொடங்கியது. இப்போது குமரி மாவட்டத்திலுள்ள அந்த ஊரில் இந்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் செயல்படுகிறது.

அதே மோனசைட்டில் நியோடிமியமும் உண்டு. காந்தத் தயாரிப்பை உள்நாட்டில் வளர்ப்பதற்காக 2025 நவம்பரில் இந்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டமொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. இதற்கு முந்தைய ஆண்டு, கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் அகழ்வை விரிவாக்கும் யோசனைக்கு மீனவக் கிராமங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. கடலரிப்பும் கதிரியக்கமும் குறித்த அச்சமே அதற்குக் காரணம்.

அருமண் உலோகங்களைச் சார்ந்திருப்பதைக் குறைப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் வாஷிங்டனுக்கும் பீஜிங்குக்கும் இடையிலான போட்டியாகவே பார்க்கப்படுகிறது. புதிய சுரங்கங்களைத் திறப்பது அந்தப் போட்டியில் ஒரு தரப்பை வலுப்படுத்தலாம். ஆனால் சுரங்கத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு, எந்த நாட்டின் கொடி பறக்கிறது என்பதைவிட, எவ்வளவு மண் தோண்டப்படுகிறது என்பதே முக்கியமாகும். தேவையையே குறைக்கும் மோட்டார் ஒன்றுதான் இந்த இரு தரப்பினருக்கும் ஒரே நேரத்தில் பயன்தரக்கூடியது.

அத்தகைய மோட்டாரின் அடிப்படை டெஸ்லாவின் காலத்திலிருந்தே உலகின் கையில் இருக்கிறது. மலிவான காந்தம் கிடைத்த ஆண்டுகளில் அதைப் பின்னுக்குத் தள்ளியவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது மின்சாரச் சேமிப்பையும் எடையையும்தான். அந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது, அதன் கழிவு எங்கே சேர்கிறது, ஒருநாள் அது நின்றுபோனால் என்னவாகும் என்ற கேள்விகள் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. 2025ஆம் ஆண்டின் அனுபவத்துக்குப் பிறகு அவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்பதை, கார் நிறுவனங்களைப் போலவே அரசுகளும் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.